கொள்ளைநோயும் பழிச்சொல்லும் – வரலாறு தரும் படிப்பினை

 

நமது ஆண்டறிக்கை மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கொள்ளைநோய்க் காலங்களில் மக்களின் மார்க்க நம்பிக்கையும், நோயாளிகள் மீது விழுந்த பழிச்சொல்லும் என்ன விளைவுகளை உண்டாக்கின என்பதையே எழுத எடுத்துக்கொண்டேன். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு என் சொந்தத் தவறு ஒன்று காரணம். அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஜும்ஆ பயானில், கொரோனா என்பது மக்கள் செய்த பாவங்களுக்குக் கிடைத்த தண்டனை என்று உரத்த குரலில் பேசினேன். மக்கள் தவ்பா செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். மே மாதத்தில் நமது மஹல்லாவில் பெரியவர் ஒருவர் காய்ச்சலில் படுத்தார். வீட்டார் யாரிடமும் சொல்லவில்லை, பரிசோதனைக்கும் போகவில்லை. மூச்சுத்திணறல் முற்றிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அவர் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த வீட்டில் மேலும் மூவரும், பக்கத்து வீட்டில் ஒருவரும் நோயுற்றார்கள். இத்தா முடிந்த பிறகு நான் ஆறுதல் சொல்லச் சென்றபோது அவருடைய மகன் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "ஹஜ்ரத், இந்த நோய் வந்தால் பாவம் செய்த வீடு என்று ஊரார் பேசுவார்கள், வெளியே சொல்ல வேண்டாம் என்று அத்தாதான் தடுத்துவிட்டார்கள். பயானில் நீங்கள் பேசியதையும் நினைத்துக்கொண்டே இருந்தார்கள்."

அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மத்ரஸாவில் ஓதிய கிதாபுகளை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். அங்கே கண்டவற்றையும், பிற வரலாற்று நூல்களில் படித்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இச்செய்தியைப் பெயர் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறேன்.

அம்வாஸ் கொள்ளைநோய்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் (கி.பி. 639) ஃபலஸ்தீனில் உள்ள அம்வாஸ் என்னும் ஊரில் தொடங்கிய தாஊன் நோய் ஷாம் தேசம் முழுவதும் பரவியது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சுவனத்திற்கு நற்செய்தி கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான அபூஉபைதா (ரலி) அவர்களும், மார்க்கச் சட்ட ஞானத்தில் சிறந்து விளங்கிய முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் இந்நோயில்தான் வஃபாத்தானார்கள்.

அக்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமாகி ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே நோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. முஹாஜிர்களையும், பின்னர் அன்ஸார்களையும், அதன் பின்னர் குறைஷிகளின் மூத்தவர்களையும் அழைத்து ஆலோசித்தார்கள். முதல் இரு குழுவினரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மூத்தவர்கள் ஒருமித்துத் திரும்பிவிடச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அவ்வாறே முடிவு செய்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் கலீஃபா பதிலளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் இருந்தால் ஒட்டகத்தைப் பசுமையான பக்கத்தில் மேய்ப்பதும் விதிதானே என்று உவமையும் கூறினார்கள். பின்னர் அங்கு வந்த அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதைவிட்டுத் தப்பி ஓடவும் வேண்டாம் என்ற கருத்துடைய நபிமொழியை எடுத்துரைத்தார்கள். இச்சம்பவம் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

சகோதரர்களே! இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அபூஉபைதா (ரலி) அவர்களும் நோயில் மாண்டார்கள், முஆத் (ரலி) அவர்களும் மாண்டார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்று ஸஹாபாக்களில் எவரேனும் கேட்டார்களா? கேட்கவில்லை. தாஊனில் பொறுமையோடு இருந்து மரணிப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னரே அறிவித்திருந்தார்கள். ஷஹீத் என்று அண்ணலார் பெயர் சூட்டிய ஒருவரை நாம் அவமானத்திற்குரியவர் என்று கருதலாமா?

ஊரைவிட்டு ஓடக்கூடாது என்ற கட்டளைக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஆழமான ஒரு காரணத்தைக் கூறுகிறார்கள். உடல்நலம் உள்ளவர்கள் எல்லாரும் வெளியேறிவிட்டால் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் உணவு ஊட்டவும் யார் இருப்பார்கள்? ஆக, அந்த ஒரு நபிமொழியில் அண்டை ஊருக்குப் பாதுகாப்பும் இருக்கிறது, நோயாளிக்குப் பராமரிப்பும் இருக்கிறது.

அந்தலுஸ் அறிஞர்களின் ஆய்வு

ஹிஜ்ரி 749ஆம் ஆண்டில் (கி.பி. 1348) தாஊன் மீண்டும் வந்தது. இம்முறை ஆசியா, ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா என்று அன்றைய உலகின் பெரும்பகுதியை அது வாரிக்கொண்டு போயிற்று. நோய் தொற்றுமா, தொற்றாதா என்ற விவாதம் உலமாக்களிடையே சூடுபிடித்தது. ஒரு நபிமொழி தொற்று என்பது இல்லை என்ற பொருளில் வருகிறது. மற்றொன்று, சிங்கத்தைக் கண்டு விலகுவதுபோல் தொழுநோயாளியிடமிருந்து விலகிக்கொள்ளச் சொல்கிறது. இன்னொன்று, நோயுற்ற ஒட்டகத்தை நலமுள்ள ஒட்டகங்களோடு சேர்க்கக்கூடாது என்கிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள், தொற்றை நம்புவதே ஈமானுக்குக் குறை என்றார்கள். ஒரே வீட்டில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லையே என்பது அவர்களுடைய வாதம்.

அந்தலுஸின் (இன்றைய ஸ்பெயின்) அல்மெரியா நகரில் இப்னு காத்திமா (ரஹ்) என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் கவிஞரும்கூட. தம் நகரில் நோயில் இறந்தவர்களின் துணிகளும் படுக்கைகளும் விற்கப்பட்ட பழந்துணிச் சந்தையில் இருந்தவர்கள் மிகச் சிலரைத் தவிர எல்லாரும் இறந்ததை அவர் பதிவு செய்தார். நோய்க்குத் தானாகப் பரவும் ஆற்றல் இல்லை, அல்லாஹ்வே அனைத்தையும் படைக்கிறான், ஆயினும் நோயாளியோடு நெருங்குவதை அவன் ஒரு காரணமாக ஆக்கியிருக்கிறான் என்பது அவர் நிலைப்பாடு. நெருப்பு சுடுவதும் அல்லாஹ்வின் நாட்டப்படிதான். அதற்காக எவரும் நெருப்பில் கை வைப்பதில்லை அல்லவா?

கிரனாடாவின் அமைச்சரும் பேரறிஞருமான லிஸானுத்தீன் இப்னுல் கத்தீப் (1313–1374) இன்னும் ஒருபடி முன்னே சென்றார். தொற்று உண்டு என்பது அனுபவத்தாலும், ஆய்வாலும், புலன்களாலும், நம்பத்தகுந்த செய்திகளாலும் நிரூபணமாகிவிட்டது என்றார். நோய் கண்ட ஊரிலிருந்து வந்த ஒருவரால் துறைமுகத்தில் நோய் பரவுவதையும், ஓர் ஆடையாலும் பாத்திரத்தாலும் வீட்டுக்குள் நோய் நுழைவதையும், தனித்து வாழ்ந்தவர்கள் தப்பியதையும் சான்றாக எடுத்துக்காட்டினார். மொரோக்கோவின் ஸலே நகரில் இப்னு அபீ மத்யன் என்பவர் தானியங்களைச் சேமித்துக்கொண்டு, குடும்பத்தோடு வீட்டுக்குள் வாசலை அடைத்துக்கொண்டு இருந்து தப்பியதை அவர் எழுதியிருக்கிறார். கண்கூடான உண்மைக்கு ஒரு சொல் முரணாகத் தோன்றினால் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான விளக்கம் காண வேண்டும் என்பது அவர் வாதம். தொற்றே இல்லை என்று தீர்ப்பளித்து மக்களை ஆபத்தில் தள்ளியவர்களை அவர் கடுமையாகச் சாடினார். அவருடைய சொற்களின் கடுமையை ஏற்காத உலமாக்கள் உண்டு. ஆனால் அவர் கவலைப்பட்டது மக்களின் உயிரைப் பற்றித்தான்.

இன்று நமக்கு உண்மை தெரியும். 1894ஆம் ஆண்டு ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். எலியின் மீது வாழும் தெள்ளுப்பூச்சி அதை மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்பதை 1898இல் பால் லூயி சிமோன் கராச்சியில் செய்த சோதனையால் காட்டினார். பழந்துணிச் சந்தை அழிந்ததன் காரணமும், ஒரே வீட்டில் சிலர் மட்டும் தப்பியதன் காரணமும் இதனால் விளங்குகின்றன. இரு தரப்பாரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். பூச்சிதான் எவர் கண்ணுக்கும் படவில்லை!

திமிஷ்கிலும் கெய்ரோவிலும்

அதே 1348ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகம் சுற்றிய இப்னு பதூதா (ரஹ்) திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரில் இருந்தார். மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்றார்கள். பின்னர் முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தவ்ராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தி, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக அழுதபடி நடந்து நகருக்கு வெளியே இருந்த பள்ளிவாசலுக்குச் சென்று பிரார்த்தித்தார்கள். அவ்வூரில் ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தார் மீது பழி போடவில்லை. இது நாம் பெருமைப்படத்தக்க காட்சி.

ஆனால் நோய்க்காலத்தில் இவ்வாறு பெருங்கூட்டமாகக் கூடலாமா? இதற்கு விடை கூறியவர் ஃபத்ஹுல் பாரீ என்னும் மாபெரும் விரிவுரையை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்). அவர்களுடைய மூன்று பெண்மக்கள் தாஊனில் இறந்தார்கள். இருவர் ஹிஜ்ரி 819இலும், கர்ப்பிணியாக இருந்த மூத்த மகள் 833இலும். தாஊன் பற்றியே 'பத்லுல் மாஊன்' என்னும் தனி நூலை அவர்கள் எழுதினார்கள். ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு இறந்தவர்கள் 40க்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, மழைத்தொழுகைக்குச் செல்வதுபோல் பாலைவெளியில் திரண்டு துஆ செய்து திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று இமாமவர்கள் எழுதுகிறார்கள். இப்படித் திரள்வது மார்க்கத்தில் இருந்திருந்தால் முன்னோர்களான ஸலஃபுகள் செய்திருப்பார்களே என்பது அவர்களுடைய கேள்வி.

இதில் வியப்பு என்னவென்றால், இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் தொற்றுக் கொள்கையை ஏற்றவர்கள் அல்லர். அப்படியிருந்தும் கண்ட உண்மையை மறைக்காமல் எண்ணிக்கையோடு எழுதி வைத்தார்கள். ஆலிமின் அமானிதம் என்பது இதுவே.

அதே கெய்ரோவில் எட்டு ஆண்டுகளுக்குப் பின் நடந்த வேறொரு நிகழ்ச்சியைப் படித்தபோதுதான் என் மனம் மிகவும் உறுத்தியது. ஹிஜ்ரி 841இல் (கி.பி. 1438) தாஊன் பரவியபோது சுல்தான் பர்ஸ்பாய், எந்தப் பாவத்தால் இது வந்தது என்று தம் அவையில் இருந்த அறிஞர்களிடம் கேட்டார். விபச்சாரம் பரவியதால், பெண்கள் அலங்கரித்துக்கொண்டு கடைவீதிகளில் நடமாடுவதால் என்று பதில் வந்தது. உடனே பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சுல்தான் உத்தரவிட்டார். ஆதரவற்ற பெண்களின் பிழைப்பு நின்றது. பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டும் பெண்கள்கூட அனுமதி பெற்றே வெளியே வர நேர்ந்தது. அக்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸி (ரஹ்) இந்தத் துன்பங்களைப் பதிவு செய்துள்ளார். நோய் நின்றதா? நிற்கவில்லை. சுல்தானும் அதே ஆண்டில் நோயுற்று இறந்தார்.

யார் செய்த பாவம் என்று தேடத் தொடங்கினால், வலிமையற்றவர்கள் மீதே விரல் நீளும். 2021இல் மிம்பரில் நின்று நான் பேசியதும் பர்ஸ்பாயின் அவையில் பேசப்பட்டதும் ஒரே வகைப் பேச்சுதானே! தன் பாவத்திற்குத் தவ்பா செய்வது ஈமான். பிறர் நோய்க்கு அவருடைய பாவத்தைக் காரணம் காட்டுவது, அல்லாஹ் மட்டுமே அறிந்த மறைவான ஒன்றில் நாம் தீர்ப்பளிப்பதாகும்.

பழி தேடிய ஐரோப்பா

அதே கொள்ளைநோயின்போது ஐரோப்பாவில், யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி பரவியது. சித்திரவதை செய்து வாக்குமூலங்கள் பெறப்பட்டன. 1349ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர்கள் நூற்றுக்கணக்கில் தீயிலிட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று அந்நகருக்கு நோய் இன்னும் வந்து சேரவே இல்லை! சில மாதங்கள் கழித்து அது வந்தது. பழி சுமத்தியவர்களையும் சேர்த்தே கொண்டு சென்றது. யூதர்களும் இந்நோயில் மடிகிறார்கள், யூதர்களே இல்லாத ஊர்களிலும் நோய் இருக்கிறது, பிறகு எப்படி அவர்கள் காரணமாவார்கள் என்று போப் ஆறாம் கிளமெண்ட் 1348இலேயே எடுத்துரைத்திருந்தார். கேட்டவர்கள் குறைவு.

பம்பாய் நகரம், 1896

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. ஆங்கில அரசு 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீடு வீடாகச் சோதனை செய்தார்கள். நோயாளிகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். கோஷாப் பெண்களை அந்நிய ஆண்கள் பரிசோதித்தார்கள். இதனால் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேரக் கொதித்தார்கள். விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். இறந்தவர்களை இரகசியமாக அடக்கம் செய்தார்கள். லட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினார்கள். நோயும் அவர்களோடு சென்றது. 1898 மார்ச் 9ஆம் நாள் முஸ்லிம் நெசவாளர்கள் வாழ்ந்த பகுதியில் நோயுற்ற ஒரு சிறுமியைச் சோதிக்க வந்தபோது பெருங்கலவரமே மூண்டது. அதன் பிறகே அரசு தன் கெடுபிடியைத் தளர்த்தியது. அந்தந்தச் சமூகத்தார் தங்கள் மக்களுக்கென்று மருத்துவமனைகள் நடத்திய இடங்களில் நோயாளிகள் அச்சமின்றி வந்தார்கள்.

ஹாஃப்கின் என்னும் யூத விஞ்ஞானி பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்து, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். ஊசியைப் பற்றி ஊரெங்கும் வதந்தி. கோஜா இஸ்மாயீலிகளின் தலைவரான ஆகா கானுக்கு அப்போது வயது 19. அவர் ஹாஃப்கினுக்கு இடம் கொடுத்து, தம் சமூகத்தார் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றிய மக்களும் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் மக்கள் நம்பும் ஒருவர் முன்னே நின்றால் அச்சம் எப்படி விலகுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

நாம் கண்ட காலம்

2020ஆம் ஆண்டில் பழிச்சொல்லின் வேதனையை நாமே அனுபவித்தோம். டெல்லி நிஜாமுத்தீனுக்குச் சென்று வந்தவர்களைக் காரணம் காட்டி, நோயைப் பரப்பிய சமூகம் என்று நம்மைப் பேசினார்கள். காய்கறி விற்கும் ஏழைகளின் தள்ளுவண்டிகளைக்கூடச் சில இடங்களில் புறக்கணித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடாவாக ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைக் கூறி வழக்குகளை ரத்து செய்தது.

இலங்கையில், கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஆணையிட்டார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளே ஆன பச்சிளங்குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. சென்னையிலும் 2020 ஏப்ரலில், நோயாளிகளுக்காக உழைத்து இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்த கொடுமையை மறக்க முடியுமா?

பிறர் நம்மைப் பழித்தபோது நெஞ்சம் பதறினோம். ஆனால் நம் தெருவில் நோயுற்றவரை நாம் எப்படி நடத்தினோம்? அவர் வீட்டு வாசலைக் கடந்து செல்லும்போது எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்? அநீதி நமக்கு இழைக்கப்பட்டால் மட்டும்தான் அநீதியா?

இனி நாம் செய்ய வேண்டியவை

மீண்டும் ஒரு கொள்ளைநோய் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. அல்லாஹ் பாதுகாப்பானாக. கொள்ளைநோய் மட்டுமல்ல; காசநோயையும் தொழுநோயையும்கூட இன்றும் நம் குடும்பங்களில் மறைக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் தடைப்படும், கடைக்கு ஆள் வரமாட்டார் என்ற அச்சமே காரணம். மறைக்கப்படும் நோய் இரட்டிப்பாகிறது. காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே மருந்து கிடைக்கிறது. முறையாக உட்கொண்டால் குணமாகிறது. தொழுநோயும் அவ்வாறே.

ஆகவே ஜமாஅத்தார் முன்னிலையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நோயுற்றவரின் குடும்பத்திற்கு உணவும் மருந்தும் கொண்டுசேர்க்க இளைஞர்கள் குழு ஒன்றை இப்போதே அமைத்து வைப்போம். நோய் வந்த பிறகு ஆள் தேட வேண்டாம். இரண்டாவது, எந்த நோயில் இறந்தாலும் அவருடைய ஜனாஸாவின் கண்ணியம் குறையாமல் நடத்தும் பொறுப்பை ஜமாஅத் ஏற்கட்டும். தண்ணீரால் குளிப்பாட்ட இயலாத நிலையில் தயம்மும் செய்விக்க ஃபிக்ஹு நூல்களில் வழி இருக்கிறது. மூன்றாவது வேண்டுகோள் எனக்கும் என் பின் வரும் இமாம்களுக்கும் உரியது. மிம்பரில் நின்று நோயைப் பற்றிப் பேசும்போது, நம் முன்னே அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் அந்நோயை நெஞ்சில் மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கலாம் என்பதை நினைத்துப் பேசுவோம். அவர் எழுந்து மருத்துவரிடம் செல்லும்படி நம் சொல் அமைய வேண்டும். வீட்டுக்குச் சென்று கதவை அடைத்துக்கொள்ளும்படி அமைந்துவிடக் கூடாது.

அந்தப் பெரியவரின் கப்ரை ஜியாரத் செய்யும்போதெல்லாம், அவர் ஷஹீதின் அந்தஸ்தைப் பெற்றிருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். அவர் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள். உங்கள் முன்னிலையிலும் அதைச் சொல்லிவிட்டேன்.

வல்ல நாயன் நம் அனைவரையும் கொடிய நோய்களிலிருந்தும், அவற்றைவிடக் கொடிய பழிச்சொல்லிலிருந்தும் பாதுகாப்பானாக! நோயுற்றோருக்கு நிறைவான ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்கு நிறைவான கூலியையும் வழங்குவானாக! ஆமீன்.